வென்றோரும் நீதியும்: நியூரம்பர்க், டோக்கியோ விசாரணைகள் விட்டுச்சென்ற வினா

1945ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 8ஆம் நாள் ஐக்கிய அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், சோவியத் ருஷியா ஆகிய நான்கு வல்லரசுகளின் பிரதிநிதிகள் லண்டன் மாநகரில் ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர். ஜெர்மானியத் தலைவர்களை விசாரிப்பதற்கென ஒரு சர்வதேச இராணுவ நீதிமன்றத்தை நிறுவுதல் அதன் நோக்கம். உடன்படிக்கையோடு இணைக்கப்பட்ட சாசனத்தின் 6ஆம் பிரிவு மூவகைக் குற்றங்களை வகுத்துரைத்தது. ஆக்கிரமிப்புப் போரைத் திட்டமிடுதலும் தொடங்குதலும் நடத்துதலும் சமாதானத்திற்கு எதிரான குற்றங்கள் எனப்பட்டன. போர் நியதிகளை மீறுதல் போர்க்குற்றம். குடிமக்களைக் கொன்றொழித்தல், அடிமைப்படுத்துதல், நாடுகடத்துதல் ஆகியவை மனிதகுலத்திற்கு எதிரான குற்றங்கள். குற்றம் சாட்டப்பட்டவர் நாட்டின் தலைவராயிருந்தார் என்பது அவரை விடுவியாது என்று 7ஆம் பிரிவு கூறிற்று. மேலதிகாரியின் கட்டளைக்குக் கீழ்ப்படிந்தேன் என்பதும் எவரையும் விடுவியாது, தண்டனையைக் குறைக்க மட்டுமே உதவலாம் என்றது 8ஆம் பிரிவு.

அதற்கு இரு நாள்களுக்கு முன்னர் ஹிரோஷிமாவின்மீது அணுகுண்டு வீசப்பட்டிருந்தது. கையொப்பமிட்ட மறுநாள் நாகசாகியின்மீது வீசப்பட்டது.

போரைப் பற்றிய சர்வதேசச் சட்டத்தின் வரலாற்றை ஆராய்வோர் இம்மூன்று தேதிகளையும் தனித்தனியே வைத்துப் பேச இயலாது. நியூரம்பர்க் விசாரணையை மனிதகுல மனச்சாட்சியின் வெற்றி என்று புகழ்வோர் உளர். வென்றவர் தோற்றவர்மீது தீர்த்துக்கொண்ட பழியே அது, நீதிமன்ற உடை அதற்கு ஒரு போர்வை என்று இகழ்வோரும் உளர். நம் மாணவரிடையே இப்பொருள் விவாதிக்கப்படும்போதெல்லாம் இவ்விரு கூற்றுகளும் மாறி மாறி எழக் காண்கிறோம். நம்மைப் பொறுத்தவரை, வென்றவர் நீதி என்னும் குற்றச்சாட்டை எழுப்பியவர்கள் சரியான வினாவையே எழுப்பினர். ஆனால் அவ்வினாவிலிருந்து, ஆகவே குற்றவாளிகளை விட்டுவிட வேண்டும் என்ற முடிவுக்கு வந்தது தவறு. இதனை விளக்கவே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

கைசரும் லைப்சிக் நகரும்

போர் தொடுக்கும் உரிமை அரசுரிமையின் ஒரு கூறு என்பதே நெடுங்காலம் ஐரோப்பிய அரசுகளின் கொள்கையாயிருந்தது. நீதியான போர் எது என்று புனித அகுஸ்தீனும் தாமஸ் அக்வினாசும் ஆராய்ந்தனர் என்பதை நம் வாசகர் அறிவர். ஆயின், நீதியற்ற போரைத் தொடுத்த மன்னனை எந்த மண்ணுலக நீதிமன்றத்தில் நிறுத்துவது என்ற வினா அவர்கள் காலத்தில் எழவில்லை.

அவ்வினா முதன்முறையாக 1919இல் எழுந்தது. வெர்சேல்ஸ் உடன்படிக்கையின் 227ஆம் பிரிவு, ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்லியம் சர்வதேச ஒழுக்கத்திற்கும் உடன்படிக்கைகளின் புனிதத்திற்கும் எதிராகப் பெருங்குற்றம் புரிந்தவர் என்று கூறி, அவரை ஐந்து நீதிபதிகள்முன் நிறுத்த வேண்டுமென விதித்தது. கைசரோ நெதர்லாந்து நாட்டில் அடைக்கலம் புகுந்திருந்தார். அந்நாட்டு அரசு 1920இல் அவரை ஒப்படைக்க மறுத்துவிட்டது. டோர்ன் என்னும் ஊரில் ஒரு மாளிகையில் வாழ்ந்து, 1941இல் இயற்கை மரணம் எய்தினார். அவர் இறந்தபோது அவ்வூரையும் ஜெர்மானியப் படை ஆக்கிரமித்திருந்தது.

தளபதிகளின் நிலையும் ஏறத்தாழ அதுவே. சுமார் 900 பேரை ஒப்படைக்குமாறு நேசநாடுகள் கேட்டன, ஜெர்மனி இணங்கவில்லை. இறுதியில் 45 பேர் அடங்கிய சுருங்கிய பட்டியல் ஒன்று கொடுக்கப்பட்டு, அவர்களுள்ளும் சிலரே 1921இல் லைப்சிக் நகரில் ஜெர்மனியின் உச்சநீதிமன்றத்தின்முன் கொண்டுவரப்பட்டனர். அவற்றுள் ஒரு வழக்கு மட்டும் இன்றும் சட்ட நூல்களில் நிலைத்துள்ளது. 1918 ஜூன் 27 அன்று லாண்டவரி காஸில் என்னும் கனடா நாட்டு மருத்துவமனைக் கப்பலை ஒரு ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் அயர்லாந்துக் கடற்பகுதியில் மூழ்கடித்தது. பின்னர், நடந்ததை மறைக்கும்பொருட்டு, உயிர்காக்கும் படகுகளில் தத்தளித்தோரையும் சுட்டது. கப்பலில் இருந்த 258 பேரில் 24 பேரே உயிர் பிழைத்தனர். மாண்டோருள் 14 பேர் செவிலியர். ஆணையிட்ட தலைவன் பாட்சிக் நீதிமன்றத்தின் கைக்கு எட்டாமல் தப்பிவிட்டான். உதவி அதிகாரிகள் இருவர் கட்டளைக்குக் கீழ்ப்படிந்ததாக வாதாடினர். எவருக்கும் வெளிப்படையாகத் தெரியும் சட்டமீறலான கட்டளைக்குக் கீழ்ப்படிதல் குற்றத்தைப் போக்காது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நான்காண்டுச் சிறை விதிக்கப்பட்ட அவ்விருவரும் சில மாதங்களில் சிறையினின்று தப்பினர். தண்டனை நிலைக்கவில்லை, ஆனால் சட்டக் கருத்து நிலைத்தது. தோற்ற நாட்டின் நீதிபதிகளே அதனைக் கூறினர் என்பது கவனிக்கத்தக்கது. பின்னாளில் நியூரம்பர்கில் கட்டளை என்னும் கேடயத்தை ஏந்தியோருக்கு, அவர்தம் நாட்டு நீதிமன்றமே அதனை ஏற்கெனவே ஒடித்திருந்தது.

1928 ஆகஸ்டு 27 அன்று பாரிஸ் நகரில், போரைத் தேசியக் கொள்கையின் கருவியாகக் கொள்வதில்லை என்று 15 நாடுகள் உறுதி கூறின. ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான் ஆகிய மூன்றும் அவற்றுள் அடங்கும். பிரிட்டனின் ஆட்சியிலிருந்த இந்தியாவின் பெயராலும் கையொப்பம் இடப்பட்டது. உறுதியை மீறுவோர்க்கு என்ன தண்டனை என்று அவ்வேட்டில் ஒரு வரியும் இல்லை. இக்குறையைச் சுற்றியே பின்னர் டோக்கியோவில் பெரும் வாதம் நிகழ்ந்தது.

நியூரம்பர்க்

1945 நவம்பர் 20 அன்று தொடங்கிய விசாரணை, 1946 அக்டோபர் 1 அன்று தீர்ப்புடன் நிறைவெய்திற்று. ஆங்கிலேய நீதிபதி ஜெஃப்ரி லாரன்ஸ் தலைமை தாங்கினார். 22 பேர்மீது தீர்ப்பளிக்கப்பட்டது. 12 பேருக்கு மரண தண்டனை, எழுவருக்குச் சிறை, மூவருக்கு விடுதலை. மூவர் விடுவிக்கப்பட்டதை இகழ்வோர் எளிதில் மறந்துவிடுகின்றனர். பழிதீர்ப்பதே நோக்கமாயின் ஷாக்ட், பாப்பன், ஃபிரிட்ஷே ஆகியோர் வாயிற்படி கடந்து வெளியே சென்றிருக்க மாட்டார்கள். ருஷிய நீதிபதி நிகிட்சென்கோ அவர்களை விடுவித்ததற்கு எதிராகத் தம் மாறுபட்ட கருத்தைப் பதிவு செய்தார் என்பதும் உண்மை.

தீர்ப்பின் மையமாக நின்றது ஆக்கிரமிப்பே. மற்றைப் போர்க்குற்றங்கள் அனைத்தின் தீமையையும் தன்னுள் திரட்டிக் கொண்டிருப்பதால் அதுவே தலையாய சர்வதேசக் குற்றம் என்று நீதிமன்றம் கருதிற்று. சர்வதேசச் சட்டத்தை மீறுவோர் மனிதரேயன்றி அரசு என்னும் அருவப்பொருள் அன்று. ஆகவே மனிதரைத் தண்டித்தாலன்றிச் சட்டத்திற்கு உயிரில்லை என்பது அதன் வாதம். 12 பேர் ஆக்கிரமிப்புக் குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்டனர். ருடால்ஃப் ஹெஸ்மீது போர்க்குற்றமும் மனிதகுலத்திற்கு எதிரான குற்றமும் மெய்ப்பிக்கப்படவில்லை. சதியும் ஆக்கிரமிப்புமே அவரை வாழ்நாள் சிறைக்கு அனுப்பின. 1987 ஆகஸ்டு 17 அன்று ஸ்பாண்டாவ் சிறையில் அவர் இறந்தார்.

ஆனால் நீதிபதிகளின் இருக்கையும் நம் ஆய்வுக்குரியது. 1939 ஆகஸ்டு 23 அன்று ஜெர்மனியும் சோவியத் ருஷியாவும் செய்துகொண்ட உடன்படிக்கைக்கு இரகசியப் பின்னிணைப்பு ஒன்று இருந்தது. கிழக்கு ஐரோப்பாவை இரு நாடுகளும் பங்கிட்டுக் கொள்வதே அதன் பொருள். ஹெஸ்ஸின் வழக்கறிஞர் சைட்ல் அதனைச் சான்றாகக் கொணர முயன்றபோது ருஷியத் தரப்பு கடுமையாக எதிர்த்தது. பின்லாந்தைத் தாக்கியதற்காக 1939 டிசம்பரில் சர்வதேச சங்கத்தினின்று வெளியேற்றப்பட்ட நாடு, ஆக்கிரமிப்புக் குற்றத்தை விசாரிக்கும் மேடையில் அமர்ந்திருந்தது.

இதனினும் கொடியது காட்டின் காட்டில் நிகழ்ந்த படுகொலை பற்றியது. 11,000 போலந்து அதிகாரிகளை அங்கே ஜெர்மானியர் கொன்றனர் என்று ருஷியத் தரப்பு குற்றப்பத்திரிகையில் சேர்த்தது. சான்றுகள் கேட்கப்பட்டன. இறுதித் தீர்ப்பில் அதைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை. 1990 ஏப்ரல் 13 அன்று சோவியத் அரசே, அக்கொலைகளைச் செய்தது தன் இரகசியக் காவல்படை என்று ஒப்புக்கொண்டது. கொன்றவனே குற்றப்பத்திரிகை எழுதினான். நீதிபதிகள் அவனோடு உடன்படவுமில்லை, அவனைக் கண்டிக்கவுமில்லை. வாய்மூடியிருந்தனர்.

கடற்படைத் தளபதி டோனிட்சின் வழக்கு வேறு வகையானது. எச்சரிக்கையின்றிக் கப்பல்களை நீர்மூழ்கிக் கப்பல்களால் மூழ்கடித்தார் என்பது அவர்மீது சாட்டப்பட்ட குற்றங்களுள் ஒன்று. பசிபிக் கடலில் அமெரிக்காவும் முதல் நாளிலிருந்தே அவ்வாறே செய்தது என்று அமெரிக்கத் தளபதி நிமிட்ஸ் எழுத்து மூலம் விடையளித்தார். எதிரியைக் காக்க ஒரு தளபதி உண்மை கூறியது அக்காலத்தில் சிறிய செயலன்று. நீதிமன்றம் அந்த மீறலைக் கணக்கிற்கொண்டு தண்டனையை உயர்த்தவில்லை. டோனிட்சுக்குப் பத்தாண்டுச் சிறையே கிடைத்தது. நகரங்களின்மீது வானிலிருந்து குண்டு வீசியதைப் பொறுத்தவரை நிலைமை இன்னும் தெளிவு: எவரையும் அதன்பொருட்டு நியூரம்பர்கில் தண்டிக்கவில்லை. இரு தரப்பும் செய்த குற்றம் குற்றப்பட்டியலினின்றே மெல்ல மறைந்தது.

பழைய ஏற்பாட்டை ஆராய்வோர்க்கு இவ்விடத்தில் ஆமோஸ் நூலின் முதலிரண்டு அதிகாரங்கள் நினைவுக்கு வரும். கீலேயாத்தின் கர்ப்பவதிகளுக்கு அம்மோனியர் செய்தது, சிறைப்பிடித்த மக்களைக் காசா நகரத்தார் ஏதோமுக்கு ஒப்புவித்தது, ஏதோம் அரசனின் எலும்புகளை மோவாப் சுட்டெரித்தது ஆகியவை போர்க்குற்றங்களே. இவற்றுள் கடைசியானது இஸ்ரயேலுக்கு எதிராகச் செய்யப்பட்டதன்று என்பதை விளக்கவுரையாளர் பலரும் சுட்டுவர். அவ்வரிசை யூதாவுக்கும் இஸ்ரயேலுக்கும் வந்து முடிகிறது. லண்டன் சாசனம் அவ்வாறு முடியவில்லை. ஐரோப்பிய அச்சு நாடுகளின் பொருட்டுச் செயற்பட்டோரை விசாரிப்பதற்கே அதிகாரம் அளிக்கப்படுகிறது என்று அது தன் எல்லையை வெளிப்படையாகவே வரையறுத்துக் கொண்டது.

டோக்கியோவும் நீதிபதி பாலும்

டோக்கியோ நீதிமன்றத்தை நிறுவியது பன்னாட்டு உடன்படிக்கை அன்று. படைத்தலைவர் மக்கார்தர் 1946 ஜனவரி 19 அன்று வெளியிட்ட ஆணை. ஜப்பானின் சரணாகதியில் கையொப்பமிட்ட ஒன்பது நாடுகளுக்கே முதலில் நீதிபதி இருக்கை தரப்பட்டது. பின்னர் இந்தியாவும் பிலிப்பைன்சும் சேர்க்கப்பட்டு நீதிபதிகள் 11 பேராயினர். இந்தியாவின் சார்பில் சென்றவர் கல்கத்தா உயர்நீதிமன்றத்தில் பணியாற்றியவரும், அந்நகரப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராயிருந்தவருமான ராதாவினோத் பால். 1886இல் வங்காளத்தில் நதியா மாவட்டத்தில் பிறந்து, கணித ஆசிரியராக வாழ்வைத் தொடங்கியவர் அவர்.

குற்றம் சாட்டப்பட்ட 28 பேரில் இருவர் விசாரணையின்போது இறந்தனர். ஒருவர் மனநோயால் நீக்கப்பட்டார். எஞ்சிய 25 பேரும் குற்றவாளிகள் என 1948 நவம்பரில் தீர்ப்பாயிற்று. முன்னாள் பிரதமர் டோஜோ உள்ளிட்ட எழுவர் அவ்வாண்டு டிசம்பர் 23 அன்று தூக்கிலிடப்பட்டனர். நீதிபதி பால் ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட மாறுபட்ட தீர்ப்பொன்றை எழுதினார். ஒருவர்கூட எந்தக் குற்றச்சாட்டிலும் குற்றவாளியல்லர் என்பது அவர் முடிவு.

அவருடைய வாதத்தைச் சுருங்கக் கூறின்: 1928ஆம் ஆண்டு உறுதி, தற்காப்பு எது என்பதை அந்தந்த நாட்டின் தீர்மானத்திற்கே விட்டுவிட்டது, ஆகவே ஆக்கிரமிப்பு அன்று சட்டப்படி குற்றமாகவில்லை. செயல் நிகழ்ந்தபின் சட்டம் இயற்றி அச்செயலைத் தண்டித்தல் நீதியன்று. ஆக்கிரமிப்பால் பேரரசுகளை அடைந்த நாடுகள், அடைந்தது போதும் என்றபின் உலகின் எல்லைகளை உறையவைத்து, இனி எவரும் அசையலாகாது என்று கூறுவதை நீதி என ஏற்க அவர் மறுத்தார். அணுகுண்டைப் பற்றியும் அவர் எழுதினார். பசிபிக் போரில் நாஜித் தலைவர்களின் கட்டளைகளுக்கு ஒப்பாக எதையேனும் கூறவேண்டுமாயின் அக்குண்டை வீசும் முடிவையே கூறவேண்டும் என்பது அவர் கருத்து.

இவ்வாதத்தின் வன்மையை மறுத்தல் கடினம். நீதிபதிகளை அனுப்பிய நாடுகளின் செயலே அதற்குச் சான்று பகர்ந்தது. பிரான்ஸ் 1946 டிசம்பர் முதல் வியத்நாமில் தன் பழைய ஆட்சியை மீட்கப் போரிட்டுக் கொண்டிருந்தது. நெதர்லாந்து தன் இரண்டாம் பெருந்தாக்குதலை இந்தோனேசியக் குடியரசின்மீது 1948 டிசம்பர் 19 அன்று தொடங்கிற்று. டோஜோ தூக்கிலிடப்பட்டதற்கு நான்கு நாள்களுக்கு முன். ஜப்பானியப் பேரரசர் குற்றஞ்சாட்டப்படவில்லை. இந்த விலக்கைத் தலைமை நீதிபதி வெப் தம் தனிக்கருத்தில் சுட்டிக்காட்டினார். மஞ்சூரியாவில் கைதிகளின் உடல்களில் நோய்க்கிருமி ஆய்வுகள் நடத்திய 731ஆம் படைப்பிரிவின் தலைவர்களை, அவ்வாய்வு முடிவுகளைப் பெறும்பொருட்டு அமெரிக்கா வழக்கின்றி விட்டுவிட்டது.

ஆயினும் பாலின் முடிவோடு நாம் உடன்பட இயலவில்லை. அதற்குக் காரணம் காட்டச் சயாம் - பர்மா இருப்புப்பாதைக்கு நம் வாசகரை அழைக்க வேண்டியுள்ளது. ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943 அக்டோபரில் முடிக்கப்பட்டது. போர்க்கைதிகளைத் தவிர ஆசியத் தொழிலாளர் பெருந்திரளாக அங்குக் கொண்டுபோகப்பட்டனர். அவர்களுள் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களினின்று ஏற்றிச் செல்லப்பட்ட தமிழர் மிகப் பலர். வாந்திபேதியாலும் பட்டினியாலும் அடியாலும் அவர்கள் ஆயிரமாயிரமாய் மடிந்தனர். வெள்ளைக் கைதிகளின் கல்லறைகள் பெயர் பொறிக்கப்பட்டு வரிசையாய் நிற்கின்றன. தொழிலாளர்களின் எலும்புகள் காட்டோரப் பெருங்குழிகளில் பெயரின்றிக் கிடந்தன. இப்பாதையின் கொடுமைகள் டோக்கியோவில் விசாரிக்கப்பட்டன. சிங்கப்பூரில் பிரித்தானிய இராணுவ நீதிமன்றங்கள் பாதை அதிகாரிகள் சிலரைத் தண்டித்தன. ஆனால் டோக்கியோ நீதிமன்றத்தில் இம்மக்களின் தாய்நாட்டிலிருந்து வந்திருந்த ஒரே நீதிபதி, மேல்நிலைத் தலைவர் எவரும் இதற்குக் குற்றவாளியல்லர் என்று எழுதினார்.

பால் கொடுமைகளை மறுத்தவரல்லர். நான்கிங் நகரிலும் பிற இடங்களிலும் நிகழ்ந்தவற்றிற்குச் சான்றுகள் மிகுதி என்று அவரே ஏற்றுக்கொண்டார். மேலேயிருந்தவர்கள் கட்டளையிட்டதாக மெய்ப்பிக்கப்படவில்லை என்பதே அவர் கூறியது. தலைவனின் கட்டளை எழுத்தில் இருந்தாலன்றிப் பொறுப்பில்லை என்று கொண்டால் எந்தத் தலைவனும் எக்காலத்திலும் பொறுப்பாளியாகான். தடுக்கும் அதிகாரமிருந்தும் தடாதவன் பொறுப்பாளியே என்னும் கோட்பாட்டில் டோக்கியோவின் பெரும்பான்மைத் தீர்ப்பே நேரிய வழியில் சென்றது என நாம் கருதுகிறோம்.

அவர் தீர்ப்பு பின்னர் பயன்பட்ட விதத்தையும் குறிப்பிட வேண்டும். 1978இல் டோக்கியோவின் யசுகுனி ஆலயத்தில், தண்டிக்கப்பெற்றோரும் விசாரணைக் காலத்தில் இறந்தோருமாக 14 தலைவர்கள் போர்வீரரோடு சேர்த்துப் போற்றப்படலாயினர். 2005இல் அவ்வாலய வளாகத்திலேயே பாலுக்கு ஒரு நினைவுச்சின்னம் எழுந்தது. பேரரசுகளைக் கண்டிக்க எழுதிய ஒருவரின் சொல், மற்றொரு பேரரசின் குற்றத்தை மறைக்கும் திரையாயிற்று. 1967இல் மறைந்த அவர் இதற்குப் பொறுப்பாளியல்லர்.

ஜெர்மானியத் திருச்சபையின் பங்கு

வென்றவர் நீதி என்னும் சொல் திரையாகப் பயன்பட்ட மற்றோரிடம் நமக்கு இன்னும் நெருங்கியது. நியூரம்பர்க் குற்றப்பத்திரிகை 1945 அக்டோபர் 18 அன்று தாக்கல் செய்யப்பட்டது. அந்நாளிலும் அடுத்த நாளிலும் ஸ்டுட்கார்ட் நகரில் கூடிய ஜெர்மானியச் சீர்திருத்தத் திருச்சபைத் தலைவர்கள், தம் மக்களோடு தாமும் குற்றத்தில் பங்காளிகள் என்று அறிக்கையிட்டனர். பேராயர் ஊர்ம், நீமோலர், டிபேலியுஸ் முதலியோர் அதில் கையொப்பமிட்டனர். அவ்வறிக்கை நம் நாட்டிலும் பெரிதும் போற்றப்பட்டது. அதற்குப்பின் மூன்றாண்டுகளில் நிகழ்ந்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

தலைவர்களின் வழக்கு முடிந்தபின் அமெரிக்க நீதிபதிகள் நியூரம்பர்கில் மேலும் 12 வழக்குகளை விசாரித்தனர். அவற்றுள் ஒன்று, ருஷிய நாட்டில் யூதரையும் பிறரையும் சுட்டுக்கொன்ற தனிப்படைகளின் தலைவர்கள்மீது தொடுக்கப்பட்டது. வழக்கை நடத்திய பெஞ்சமின் ஃபெரென்ஸ் அப்போது 27 வயதினர். அப்படைகளே பெர்லினுக்கு அனுப்பிய அறிக்கைகளில் கண்ட எண்களைக் கூட்டிப் பார்த்து, பத்து இலட்சத்திற்கு மேலானபோது அவர் கூட்டுவதை நிறுத்தினார். குற்றவாளிக் கூண்டில் எர்ன்ஸ்ட் பீபர்ஸ்டைன் என்பவரும் நின்றார். அவர் லுத்தரன் சபையில் அபிஷேகம் பெற்ற போதகர். 1938இல் திருச்சபையை விட்டு விலகி, பின்னர் ருஷியாவின் ராஸ்டவ் பகுதியில் ஒரு கொலைப்படைக்குத் தலைவரானார். தம் ஆட்சிப் பகுதியில் இரண்டாயிரம் முதல் மூவாயிரம் பேர் கொல்லப்பட்டதை அவரே கூறினார். முன்னாள் போதகர் என்ற முறையில் சாகப்போகிறவர்களுக்கு ஆறுதல் கூறினீரா என்று கேட்கப்பட்டபோது, முத்துகளையும் பன்றிகளையும் பற்றிய மத்தேயு நற்செய்தியின் வசனத்தை விடையாகக் கூறினார். இறையியல் கல்லூரிகளில் கற்பிப்போரும் கற்போரும் அறிந்திருக்கவேண்டிய செய்தி இது.

1948இல் பேராயர் ஊர்ம் முதலிய திருச்சபைத் தலைவர்கள் இவ்வழக்குகளை எதிர்த்து அமெரிக்க அதிகாரிகளுக்குக் கடிதங்கள் எழுதினர். மேல்முறையீட்டு நீதிமன்றம் இல்லை என்று அவர்கள் கூறிய குறை மெய்யானதே. ஆனால் அவர்களது மன்றாட்டு அக்குறையோடு நிற்கவில்லை. லாண்ட்ஸ்பர்க் சிறையிலிருந்தோர்க்குப் பொதுவான கருணையாக அது விரிந்தது. கொரியப் போர் தொடங்கி, மேற்கு ஜெர்மனியின் படையுதவி அமெரிக்காவுக்குத் தேவைப்பட்ட வேளையில், 1951 ஜனவரி 31 அன்று அமெரிக்க ஆணையர் மக்கிளாய் பெரும்பாலான தண்டனைகளைக் குறைத்தார். கொலைப்படை வழக்கில் மரண தண்டனை பெற்ற 14 பேரில் நால்வரே தூக்கிலிடப்பட்டனர். 1958இல் சிறை காலியாயிற்று. பீபர்ஸ்டைனும் வெளியே வந்தார்.

இதற்கு மாறான ஓர் ஊழியமும் அதே சிறைச்சாலைச் சூழலில் நடந்தது. ஹென்றி கெரெக்கி என்னும் அமெரிக்க லுத்தரன் போதகர் நியூரம்பர்க் கைதிகளுக்குக் குருவாக நியமிக்கப்பட்டிருந்தார். அவர் மைந்தர் இருவர் அப்போரில் காயமுற்றவர்கள். அவர் கைதிகளுக்காக ஜெபித்தார், மனந்திரும்பியவர்களுக்குத் திருவிருந்து அளித்தார், தூக்குமேடை வரை உடன் நடந்தார். விசுவாசமின்றிக் கேட்ட கோரிங்குக்குத் திருவிருந்தை மறுத்தார். மன்னிப்பின் நற்செய்தியை அறிவித்தார். தண்டனை நீக்கக் கோரும் மனுவாக அதனை ஆக்கவில்லை.

ரோம், கம்பாலா, அதன்பின்

1946 டிசம்பர் 11 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை நியூரம்பர்க் நெறிகளை ஏற்றுக்கொண்டது. அதன்பின் ஆக்கிரமிப்பு என்பதற்கு ஒரு பொருள்வரையறை கூற 1974 டிசம்பர் 14 வரை ஆயிற்று. அதுவும் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தும் சட்டமாக அன்று, பாதுகாப்புக் கவுன்சிலுக்கு ஒரு வழிகாட்டியாகவே. 1993இல் யூகோஸ்லாவியாவுக்கும் 1994இல் ருவாண்டாவுக்கும் நிறுவப்பட்ட தனி நீதிமன்றங்களின் சாசனங்களில் ஆக்கிரமிப்புக் குற்றம் இடம்பெறவேயில்லை. 1998 ஜூலை 17 அன்று ரோம் நகரில் 120 நாடுகளின் ஆதரவுடன் நிரந்தர சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் சாசனம் நிறைவேறிற்று. அதில் ஆக்கிரமிப்பின் பெயர் மட்டும் இருந்தது. வரையறை பின்னர் என்று ஒத்திவைக்கப்பட்டது. முதியவராகிவிட்ட ஃபெரென்ஸ் அங்கும் சென்று அதற்காக வாதாடினார்.

2003இல் அமெரிக்காவும் பிரிட்டனும் ஈராக்கைத் தாக்கின. அப்போர் ஐக்கிய நாடுகள் சாசனத்திற்கு இணங்கியதன்று என்று பொதுச்செயலர் கோஃபி அன்னான் 2004இல் கூறினார். எந்த நீதிமன்றமும் அதனை விசாரிக்க அதிகாரம் பெற்றிருக்கவில்லை. 2010இல் கம்பாலாவில் வரையறை ஏற்கப்பட்டு, 2018 ஜூலை 17 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் சாசனத்தில் சேராத நாட்டினர்மீது, பாதுகாப்புக் கவுன்சில் அனுப்பினாலன்றி, ஆக்கிரமிப்புக் குற்றம் விசாரிக்கப்படலாகாது என்ற விலக்கும் உடன் வந்தது. அக்கவுன்சிலிலோ ஐந்து நாடுகளுக்குத் தடையுரிமை உண்டு. அவற்றுள் அமெரிக்காவும் ருஷியாவும் சீனாவும் சாசனத்தில் சேராதவை.

இதன் விளைவு 2022 பிப்ரவரி 24க்குப்பின் வெளிப்பட்டது. ருஷியா உக்ரேனின்மீது முழுப்போர் தொடுத்தது. 2023 மார்ச் 17 அன்று அந்நீதிமன்றம் அதிபர் புட்டினுக்கு எதிராகப் பிடியாணை பிறப்பித்தது. குழந்தைகளை நாடுகடத்திய போர்க்குற்றத்திற்காகவேயன்றிப் போர் தொடுத்ததற்காக அன்று. அப்பிடியாணையை வரவேற்ற அமெரிக்கா, 2024 நவம்பரில் இஸ்ரேலியப் பிரதமர்மீது அதே நீதிமன்றம் பிடியாணை பிறப்பித்தபோது வன்மையாகக் கண்டித்தது. 2025 பிப்ரவரியில் நீதிமன்றத்தின்மீதே தடை விதித்தது. ஆக்கிரமிப்புக்கென்று ஒரு தனி நீதிமன்றம் அமைக்க உக்ரேனும் ஐரோப்பிய கவுன்சிலும் 2025 ஜூன் 25 அன்று ஸ்ட்ராஸ்பர்கில் உடன்பட்டன. அதன் விதிகளின்படியும் நாட்டின் அதிபர் பதவியிலிருக்கும்வரை அவர்மீதான விசாரணை நடைபெறாது. ஃபெரென்ஸ் இதனைக் காணவில்லை. 2023 ஏப்ரலில், தம் 103ஆம் வயதில் அவர் காலமானார்.

நம் நாட்டைப் பற்றியும் சில சொற்கள் கூறவேண்டும். 1971இல் கிழக்கு வங்கத்தில் நிகழ்ந்த போருக்குப்பின் சுமார் 93,000 பேர் இந்தியாவின் காவலில் இருந்தனர். அவர்களுள் 195 பாகிஸ்தானிய இராணுவத்தாரைப் போர்க்குற்றங்களுக்காக விசாரிக்கப் போவதாக வங்காளதேசம் அறிவித்து, 1973இல் அதற்கெனச் சட்டமும் இயற்றியது. 1974 ஏப்ரலில் மூன்று நாடுகளும் டில்லியில் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி 195 பேரும் விசாரணையின்றித் தாயகம் அனுப்பப்பட்டனர். வங்காளதேசத்தை அங்கீகரித்தலும், போரினால் பிரிந்தோர் ஊர் திரும்புதலும், துணைக்கண்டத்தின் அமைதியும் அன்று எதிர்த்தட்டில் வைக்கப்பட்டன. அம்முடிவு எடுத்தோரை எளிதில் குறைகூற நாம் விரும்பவில்லை. அந்த 195 பேரால் துன்புற்றோரிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை என்பதும் வரலாறே.

1998இல் ரோமில் வாக்கெடுப்பு நடந்தபோது இந்தியா ஆதரிக்கவுமில்லை, எதிர்க்கவுமில்லை. வாக்களிக்காமலிருந்த 21 நாடுகளுள் ஒன்றாயிற்று. பாதுகாப்புக் கவுன்சிலுக்கு நீதிமன்றத்தின்மீது தனியதிகாரம் அளித்ததை நம் பிரதிநிதிகள் எதிர்த்தனர். பாலின் குரலை அதில் கேட்கலாம். அணுவாயுதப் பயன்பாடு போர்க்குற்றங்களின் பட்டியலில் சேர்க்கப்படவில்லை என்பதும் அவர்கள் எடுத்துரைத்த குறைகளுள் ஒன்று. அவ்வாண்டு மே 11, 13 ஆகிய நாள்களில், ரோம் மாநாட்டு முடிவுக்கு இரு திங்கள்களுக்கு முன், பொக்ரானில் நம் நாடு ஐந்து அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்திருந்தது.